சுப்பையன் மூடிய கிணறு

சங்ககிரி,
12-6-1977

அன்பு மகன் பாலசுந்தரத்துக்கு, அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். என் கழுத்து மட்டும் சுகமில்லை. ஜெர்மன் கம்பெனிக்காரர் நிலம் பார்க்க வருகிறார் என்று சேலத்தில் ஒரு டை வாங்கிக் கட்டினேன். எனக்குத் தெரிந்தது மாட்டுக்குப் போடும் முடிச்சுதான். அவர் போன பிறகும் அவிழவில்லை. கடைசியில் உன் சுப்பையன் மாமா அரிவாளால் அறுத்துவிட்டார். "எட்டாவது படிச்ச கழுத்துங்க மச்சான், பாத்துத்தான் அறுக்கோணும்" என்று கேலி வேறு.

வரப்போவது பம்பு செட் தொழிற்சாலை. வெளிநாட்டு முதலீடு வந்தால் நாடே நிமிரும் என்று பேப்பரில் போடுகிறான். நிலம் கொடுக்கிற வீட்டுக்கு ஒரு வேலை. ஆனால் கிணற்றை மூடி, சமனாக்கிக் கொடுக்க வேண்டுமாம். மாமா தன் நிலத்தைக் கொடுக்க உன் வார்த்தைக்குத்தான் காத்திருக்கிறார். அனுமதி ஃபைல் உன் ஆபீசுக்குத்தானே வரும்? நீ டைப் அடிக்கிற கடிதத்தின் அடியில் சி.பி. என்று இங்கிலீஷில் உன் பெயரின் முதலெழுத்து இரண்டும் இருக்கும் என்றாயே, அதை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வரி எழுது சாமி.

அன்பு அப்பா,
சின்னுசாமி


புது டெல்லி,
3-9-1977

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. ஃபைலில் இருப்பதை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். எல்லாம் நல்லபடியாக முடியும், கவலைப்படாதீர்கள். பாவாயி அத்தையையும் மாமாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் மகன்,
பாலு


சங்ககிரி,
20-10-1977

அன்பு மகனுக்கு. உன் கடிதத்தை டீக்கடையில் சத்தமாக வாசித்தேன். ஃபைல் வரியை விட்டுவிட்டேன். 'நல்லபடியாக முடியும்' என்பதை இரண்டு தடவை வாசித்தேன். மாமா அந்த வாரமே பத்து வண்டியும் ஆளும் வைத்துக் கிணற்றை மூடிவிட்டார். கடைசிக் கூடை மண்ணை என்னைக் கொட்டச் சொன்னார். கூடையோடு நானும் விழப் பார்த்தேன், எல்லோரும் சிரித்தார்கள்.

அன்பு அப்பா,
சின்னுசாமி


சங்ககிரி,
5-5-1978

பாலுவுக்கு. தந்தி கிடைத்திருக்கும். கம்பெனி வரவில்லை. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பங்கு கேட்டதால் டெல்லி மறுத்துவிட்டதாம். கம்பெனிக்காரர்கள் இத்தனை மாதம் டெல்லிக்கு எழுதி எழுதிப் பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஊருக்குச் சொன்னார்கள். தண்ணீரில்லாமல் மாமாவின் வெங்காயமெல்லாம் கருகிப்போயிற்று. அவரே கிணற்றை மறுபடி தோண்ட இறங்கினார். கொட்டின மண் நிற்குமா? முப்பதடியில் சரிந்தது. எடுக்க இரண்டு நாளாயிற்று.

கருமாதி முடிந்ததும் கம்பெனியின் சேலம் ஆபீசுக்குப் போனேன். டெல்லி மறுத்து எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று கொடுத்தார்கள். தேதி 22-8-1977. நீ எனக்கு எழுதியதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாய். நானும் அந்த வரியைத்தானே விழுங்கினேன்.

பாவாயி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு. தடவித் தடவி, அடியில் இருந்த இரண்டு எழுத்தில் விரலை வைத்து, "இதென்னுங்கண்ணா, தனியா நிக்குது?" என்றாள்.

காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சின்னுசாமி