நிலக்கரித் தூளில் அறும் அறுவைக் கருவிக் கேபிள்கள்

அனுப்புநர்:
மா. இசக்கிச்செல்வி,
உரிமையாளர், மருத்துவக் கருவி உதிரிபாகப் பட்டறை,
மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: பட்டறையை ஒட்டிய திறந்தவெளி நிலக்கரிக் கிடங்கு – பொய்யான ஆய்வறிக்கை – மறு ஆய்வு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ரோபோ அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கான கேபிள்களை எங்கள் பட்டறையில் செய்கிறோம். தையல் நூல் பருமனே உள்ள எஃகுக் கேபிளைச் சின்னஞ்சிறு கப்பிகளில் பூட்டித் தருகிறோம். மருத்துவர் தள்ளி உட்கார்ந்து கையை அசைக்கும்போது, நோயாளியின் உடலுக்குள் கத்தரியை இழுப்பது இந்தக் கேபிள்தான்.

2. கடந்த ஆண்டு எங்கள் மேற்குச் சுவரை ஒட்டி நிலக்கரிக் கிடங்கு வந்தது. துறைமுகத்து லாரிகள் பகலெல்லாம் அங்கே கரியைத் தட்டுகின்றன. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியதும் தூள் இரட்டைக் கதவையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கப்பியில் தூள் சிக்கினால் கேபிள் தேய்ந்து அறும். சோதனையில் எங்கள் கண் முன்னாலேயே அறுந்தது. செய்து முடித்த அத்தனையையும் அனுப்பாமல் நிறுத்திவிட்டேன்.

3. எனது முந்தைய புகாரின்பேரில் அலுவலர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அன்று காலையிலேயே கிடங்கில் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போர்த்தி, லாரிகளையும் நிறுத்தியிருந்தார்கள். அவர் வருவது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அங்கே இளநீர் குடித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "கதவைச் சாத்திட்டு வேலையைப் பாருங்கம்மா, கம்பிதானே" என்றார்.

கேபிள் பூட்டும் அனுஜாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. அவருடைய தாயார் அல்போன்சாவின் கர்ப்பப்பைக் கட்டியை அகற்றியது இப்படிப்பட்ட கருவிதான். "எங்கம்மா வயித்துக்குள்ள போயிட்டு வந்த கம்பி சார் இது. அங்கன வச்சு அறுந்திருந்தா?" என்று கேட்டார். அலுவலர் ஜீப்பில் ஏறிவிட்டார். தூசியே இல்லை என்று அறிக்கையும் கொடுத்துவிட்டார். மறுநாள் தார்ப்பாயைக் காணோம்.

4. வாங்கும் நிறுவனத்தார், துடைத்து அனுப்பினால் போதும் என்கிறார்கள். கப்பிக்குள் சிக்கிய தூளை எப்படித் துடைப்பது? முடியாது என்று சொல்லிப் பட்டறையைப் பூட்டியிருக்கிறேன். அனுஜா இப்போது மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறார். மற்றப் பெண்கள் காலையில் போன் செய்து, "அக்கா, இன்னைக்காவது திறப்பீங்களா?" என்கிறார்கள். தவறு செய்யாத நாங்கள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கிடங்கு மட்டும் திறந்திருப்பது எந்த வகை நியாயம்?

ஆகவே, கிடங்கை அப்புறப்படுத்தவும், அந்த அறிக்கையைப் பற்றி விசாரிக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்களே நேரில் வாருங்கள், ஐயா. காற்று வீசும் பொழுதில் வாருங்கள். வரும் நாளை யாருக்கும் சொல்ல வேண்டாம். எங்களுக்கும் சொல்ல வேண்டாம்.

தங்கள் வருகையை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
மா. இசக்கிச்செல்வி

இடம்: மாப்பிள்ளையூரணி
நாள்: 18.07.2025