பச்சை மல்லாட்டைக்கு ஒரு நாற்காலி

என் ஜெசிந்தா அக்காவுக்கு,

முக்கியச் செய்தியை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது என் நிருபர் தொழிலின் வழக்கம். இன்று மட்டும் கடைசியில் சொல்கிறேன். அதுவரை அடக்கிக்கொள்வதுதான் பெரும்பாடு!

நேற்று திண்டிவனத்தில், ஒரு சின்ன மண்டபத்தில், உங்கள் மகள் ஷீலாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் பிரபு, கெடார் கிராமத்துக்காரன். அவன் அப்பா ஏழுமலை சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். மகன் விரும்பியது வேதக்காரர் வீட்டுக் கிறிஸ்தவப் பெண் என்பதால் அவர் அதுவரை சம்மதம் சொல்லியிருக்கவில்லை. "பாத்துட்டு வந்துடலாம். தட்டு மாத்தறதெல்லாம் அப்பறம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினாராம்.

அவர்கள் இடப்பக்கம், நம்மவர்கள் வலப்பக்கம். முன்வரிசையில் உங்கள் வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மாலை போட்ட உங்கள் படம். ஜூஸ் குடித்து முடித்தாயிற்று. ஃபேன் சத்தத்தைத் தவிர ஒரு பேச்சில்லை.

"சித்தி, அம்மா ரயில்ல ஒரு கேள்வி ஆட்டம் ஆடுவாங்களே, அத ஆரம்பிச்சி வுடுங்க. இல்லனா இவங்க எழுந்து போயிடுவாங்க" என்று ஷீலா என் காதில் சொன்னாள்.

உங்கள் ஆட்டம்! விழுப்புரத்தில் ரயிலேறிய முதல் நாள், எதிரில் இருந்த உங்களிடம் ஊர், தெரு, வேலை என்று நான் ஆரம்பித்தேன். மடக்கிவிட்டீர்கள். "அதெல்லாம் ரேஷன் கார்டுல இருக்கும்டி. நீ சோத்த பெசைஞ்சிட்டு ரசம் ஊத்துவியா, ரசம் ஊத்திக்கினு பெசைவியா? அத சொல்லு." பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும்போது, பயந்தவர்களைப் பேச வைக்க நீங்கள் கேட்கும் கேள்விகள் அவை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரையும் தெருவையும் கேட்கக் கூடாது. ஒரே பதில் சொன்னவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் சட்டம். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பெட்டியே இடம் மாறியிருக்கும்.

நேற்றும் மாறியது அக்கா! "இட்லிக்குச் சட்னியா, மொளகாப்பொடியா?" என்றதும் பிரபுவின் சித்தி எழுந்து வந்து உங்கள் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். "தூங்கறப்ப ஃபேன் அஞ்சுலயா, மூணுலயா?" என்றதற்கு ஒரே கூச்சல். "மூணுல வெச்சா கொசு ஆளையே தூக்கிக்கினு போயிடும்யா!" என்று உங்கள் தம்பி கத்தினான். "அப்படிச் சொல்லு மச்சான்!" என்று பிரபுவின் மாமா தாவி வந்தார். மச்சான்! யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த வார்த்தை.

ஏழுமலை மட்டும் அசையவில்லை. எதைக் கேட்டாலும் "ஏதோ ஒண்ணு" என்றார். கடைசியில் நம் பழைய வேர்க்கடலைக் கேள்வியை எடுத்தேன்.

"மல்லாட்டை வேகவெச்சதா, வறுத்ததா?"

"ரெண்டும் இல்ல." நிமிர்ந்து உட்கார்ந்தார். "புடுங்கின ஒடனே, பச்சையா. மண்ண ஒதறிட்டு வாயில போட்டா பால் மாதிரி இருக்கும்."

மண்டபத்தில் வேறு யாரிடமும் அந்தப் பதில் இல்லை. அவர் எழுந்து சுற்றிலும் பார்த்தார். "அப்ப நான் எங்க உக்கார்றது?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் தனியாக நின்றார்.

ரயிலில் இந்தக் கேள்வி வந்த நாளெல்லாம் நீங்கள் மட்டும் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து வருவீர்களே, நினைவிருக்கிறதா?

உங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். "சம்பந்தி, எங்க வீட்ல ஒருத்தி அதான் சொல்லுவா. இங்க வாங்க" என்று உங்கள் நாற்காலியைக் காட்டினார்.

ஏழுமலை உங்கள் படத்தை இரண்டு கையாலும் எடுத்தார். உட்கார்ந்தார். படத்தை எங்கும் வைக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மனைவியைப் பார்த்தார்.

"வேன்ல தட்ட ஒளிச்சி எடுத்தாந்தியே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஜல்தியா போய் எடுத்தா."

தட்டு மாற்றியாயிற்று அக்கா! இதுதான் செய்தி!

ஊர் பேர் கேட்காமலே ஒரு மனுஷரைத் தெரிந்துகொள்ளலாம் என்று உங்களால் எப்படி அவ்வளவு உறுதியாக நம்ப முடிந்தது? எத்தனையோ பேரைப் பேட்டி கண்ட எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

அடுத்த மல்லாட்டை பிடுங்கும்போது முதல் செடியை உங்கள் கல்லறைக்குக் கொண்டுவருவதாக ஏழுமலை சொல்லியிருக்கிறார். வழிகாட்ட நானும் கூட வருவேன், இது சத்தியம். மண்ணோடு கொண்டுவரச் சொல்கிறேன். உதறுகிற வேலை உங்களுடையது.

எதிர் சீட்டில் உங்களுக்குக் கிடைத்த தங்கை,
வளர்மதி