பிந்தி வந்த ஓம்

கிண்ணியா, 1979

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

நேற்றுத் தோணியில் போய், திருகோணமலைத் தபால் கந்தோரில் உங்கள் குவைத் அழைப்பை எடுத்தேன். “கதை வானத்துச் செய்மதிக்குப் போய்த்தான் வரும், பொறுத்துக் கதையுங்கோ” என்றார் அங்கிருந்தவர். எனக்குப் பொறுக்கத் தெரியவில்லை.

“நீ சுகமா?” என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். அது உங்களிடம் வந்து சேருமுன்பே, “வாப்பா எழும்பி நடக்கிறாரா?” என்று கேட்டுவிட்டீர்கள். என் ஓம் அதற்குப் பிறகுதான் உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

சிரித்தீர்கள். “அவர் காலுக்குச் சப்பாத்து வாங்கி வெச்சிருக்கன்” என்றீர்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு ஏலவில்லை. அழைப்புக்குரிய மூன்று நிமிடமும் முடிந்துவிட்டது.

அந்த ஓம் என் சுகத்துக்கு மட்டும் சொன்னது, மச்சான்.

சப்பாத்தை வாப்பாவின் பேரில் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மனைவி