காலில் புண், கேள்வி வயிற்றைப் பற்றி

என் சாவித்திரி அக்கா,

நீ கண்மூடிய பிறகு ஓசூரில் உன்னைப்போல் தோல் டாக்டர்கள் பெருகிவிட்டார்கள். பாகலூர் சாலை நெடுகக் கண்ணாடிக் கதவுகள், முகப்பரு, முடி உதிர்வு என்று பலகைகள். அதைச் சொல்ல இதை எழுதவில்லை. சில மாதங்களுக்கு முன்பு உன் வேலையை நான் செய்ய வேண்டி வந்தது. சரியாகச் செய்தேனா? உன்னைத் தவிர யாரிடம் கேட்பேன்?

நம் மாடியில் குடியிருக்கும் இசக்கியம்மாளை உனக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம். அவளும் கணவர் மாடசாமியும் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். அவளுக்கு இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். இந்த ஊரில் காலில் புண் என்றால் முதல் கேள்வி, "எந்த மெஷின்?" அவளும் கேட்டவர்களுக்கெல்லாம், இரும்புத்தூள் ஏறியிருக்கும் என்று சொல்லிவைத்தாள். அந்தத் தூளைத் தேடி இரண்டு முறை சுரண்டினார்கள். இரண்டு முறையும் புண் பெரிதானது. இன்னும் ஆழமாகச் சுரண்ட நாள் குறித்தாயிற்று. அதற்கும் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள்.

"ஐயா, நீங்களும் டாக்டர்தானே, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்" என்று மாடசாமி வந்து நின்றார்.

டாக்டர்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க நுண்ணோக்கியின் கீழே சதைத் துண்டுகளைப் பார்த்தவன். துண்டு பேசாது, அதனாலேயே அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது. உனக்கு ஆள் பேச வேண்டும். "வெள்ளணுக்கள் குவிந்திருக்கின்றன, அதற்கு மேல் சொல்ல முடியாது" என்று நான் இழுத்தால், "உன் கண்ணாடியில அவ்வளவுதான்டா தெரியும், நான் போய் ஆளப் பாக்கறேன்" என்று கிளம்பிவிடுவாய்.

புண்ணை நீ கடைசியில்தான் பார்ப்பாய். முதலில் நல்ல கால், வாய், பிறகு டிரிப்ஸ் ஊசி போட்ட இடம். அப்புறம் வயிறு. ஜவளகிரியிலிருந்து வரும் பெண்களிடம் கன்னடம், தெலுங்கு, தமிழ் எதிலும், மலத்தில் ரத்தம் போகிறதா என்று தக்காளி விலை விசாரிப்பதுபோல் கேட்பாய். எங்கிருந்து வந்தது உனக்கு அந்தத் தெளிவு?

இசக்கியின் கையைப் பார்த்தேன். ஊசி போட்ட இடத்தில் ஊதா விளிம்போடு ஒரு சின்னப் புண். காலிலும் அதே ஊதா. மீதிக் கேள்வியைச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா, வெளிக்குப் போகும்போது... ஏதாவது..."

"காலண்டர்ட்டயா கேக்கீங்க, எங்கிட்டயா?"

மாடசாமி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "ரத்தம் போவுது ஐயா. ரொம்ப நாளா. மூலம்னு நெனச்சேன்."

"ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"யாரு கேட்டா? எல்லாரும் மெஷினத்தான் கேட்டாவ. மெஷினும் படல ஒண்ணும் படல. கம்பெனி பஸ் படியில லேசா இடிச்சுது, அவ்ளோதான்."

பயோடெர்மா கேங்கிரினோசம். பெயரில்தான் சீழும் அழுகலும். உண்மையில் கிருமி காரணமல்ல. உடம்பின் காவலே தோலின் மேல் பாய்கிறது. குடல் புண்ணோடு சேர்ந்து வருவதுண்டு. கத்தியோ ஊசியோ பட்டால் இன்னும் மூர்க்கமாகும். இதுதான் என்று அடித்துச் சொல்ல ஒரு பரிசோதனையும் கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் வர வேண்டும். நான் நினைத்தது தவறாக இருந்தால்? உள்ளே கிருமி இருக்க, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை கொடுத்தால் காலோடு போகாது, உயிரே போகலாம். தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் அவளுடைய அறுவை மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டேன். "கிருமியா இருந்துட்டா என்ன சார் பண்றது?" என்றார்.

"எனக்கும் அதே பயம்தான். சுரண்டாம, ஓரத்துல ஒரு துண்டு மட்டும் எடுங்க. காசநோய், புற்று, கிருமி எதுவும் இல்லன்னு தெரிஞ்சா தோல் டாக்டரைக் கேப்போம். அதுக்கு முன்னால அந்தப் பொண்ணு கையக் கொஞ்சம் பாருங்க."

அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார். "பார்த்தேன் சார். கால் புண்ணையே பாத்துட்டு இருந்துட்டோம். ஆபரேஷன நிறுத்திட்டேன்."

துண்டில் அவை எதுவும் இல்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் புண் இருந்தது. தோல் மருத்துவர் மாத்திரையைத் தொடங்கினார். முதலில் வலி அடங்கியது, பிறகு அந்த ஊதா நிறம் மங்கியது, ஓரத்திலிருந்து புதுத் தோல் நகர்ந்து வந்தது. நீ இருந்திருந்தால் முதல் சுரண்டலே நடந்திருக்காது, இல்லையா? எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் செய்ததெல்லாம், நீ என்ன கேட்பாய் என்று யோசித்து அதையே கேட்டதுதான்.

நேற்று இசக்கி தானாகவே படியிறங்கி வந்தாள். தழும்பு சுருங்கிக் கறுத்திருக்கிறது. "பாக்க நல்லால்ல, ஆனா நடக்கு ஐயா" என்றாள்.

மாத்திரையை இனிமேல் குறைப்பார்கள். நோய் திரும்பலாம். திரும்பினால், அவளை அறியாத யாரோ ஒருவர் மறுபடி கத்தியை எடுக்கலாம். அந்த அறைக்குள் அவளோடு நானும் போவேன், அக்கா. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிடுவேன்.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி,
ரங்கநாதன்