மெதுஸ் என்று எழுதிய பலகை

லீபினை,
1894 மே 12

அனுப்ராஸ் தம்பிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு அனுப்பக் கட்டி வைத்த தேன்கேக்கை நானே தின்றுவிட்டேன். பொட்டலம் அழகாக இருந்தது. அதையாவது அனுப்பலாமா என்று யோசித்தேன்.

சேதி இதுதான். தேன்மெழுகில் கரி குழைத்து, நம் லிதுவேனிய எழுத்தில் 'மெதுஸ்' என்று பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறேன். போலீஸ்காரன் நிகீதின் வந்து நின்றான்.

"ஏம்மா, உங்க எழுத்துக்கு ஜார் தடை போட்டது தெரியாதா? ரஷ்ய எழுத்துல எழுது, இல்லன்னா கழட்டு."

"தேன்னுதானே எழுதியிருக்கேன். ஜாரைப் பத்தி ஒண்ணும் எழுதலையே!"

முறைத்துவிட்டுப் போனான். மொழி ஆராய்கிற உன் புரொபசரிடம் கேள், இந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று. அடுத்த முறை அவனுக்குச் சொல்ல வேண்டும்.

உன் உர்ஷுலே அக்கா


கோனிக்ஸ்பெர்க்,
மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

கேக் வராத துக்கத்தோடு எழுதுகிறேன். உன் சொல்லைக் கேட்டதும் புரொபசர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ரஷ்யரின் 'ம்யோத்', ஜெர்மானியரின் 'மெத்', பழைய கிரேக்கரின் 'மெத்து', இந்தியாவில் 'மது', எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். அந்தத் தாய்ச் சொல்லை யாரும் காதால் கேட்டதில்லை. பிள்ளைகளின் சாயலை வைத்துப் புரொபசர்களே ஊகித்தது. அதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள். நம் சொல்லில் தாயின் முகம் அப்படியே இருக்கிறதாம்.

ஆனால் அக்கா, பலகையைக் கழற்றிவிடு. உன்னைப் பிடித்தால் அதே எழுத்தில் இருக்கும் என் கடிதங்களும் சிக்கும். பிறகு நான் ஊர்ப் பக்கமே வர முடியாது. கழற்றாவிட்டால் நம் தேனீச் சொந்தம் இத்தோடு முடிந்தது.

அனுப்ராஸ்


லீபினை,
ஜூன் 9

சொந்தத்தை முடிக்கும் தம்பிக்கு,

முடிக்க நீ யார்? என் தேனீக் கூட்டம் பறந்துபோய் உன் ஆப்பிள் மரத்தில் உட்கார்ந்தது, ஊர் வழக்கப்படி அன்றைக்கே நாம் அக்கா தம்பி ஆனோம். வேண்டாமென்றால் தேனீக்களிடம் போய்ச் சொல்.

உன் நட்சத்திரக் கிழவியை எனக்குப் பிடித்துவிட்டது. முகமே காட்டாமல் ஊரெல்லாம் பிள்ளை பெற்றிருக்கிறாள். ஒரு பிள்ளை தேன், ஒரு பிள்ளை குடி. எந்தக் குடும்பத்தில்தான் இல்லை? நிகீதினிடமும் சொன்னேன்: "உன் சொல்லும் என் சொல்லும் கூடப்பிறந்ததுங்க. கூடப்பிறந்தவளை எவனாவது ஜெயில்ல போடுவானா?"

"எங்க வீட்டுல போடுவோம்" என்றான்.

பலகையைக் கழற்ற மாட்டேன். ஜாருக்கு முன்னால் பிறந்த சொல் ஜாரிடம் அனுமதி கேட்காது.

உர்ஷுலே


லீபினை,
ஜூன் 23

பதில் எழுதாத தம்பிக்கு,

நீ எழுதாவிட்டால் நானும் எழுதக் கூடாதென்று இன்னும் தடை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நிகீதின் பலகையைப் பிடுங்கிப்போய், வழக்கு எழுதுவதற்காகக் காவல் நிலையத்து மரச்சுவரில் சாத்தி வைத்தான். வெயில் ஏறியது. மெழுகு இளகி மணத்தது. என் கூட்டிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பியது. சத்தம் கேட்டு இறங்கட்டுமென்று தகரத்தைத் தட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். அது நேரே பலகைமேல் போய் உட்கார்ந்து, மறுநாள் பின்னாலிருந்த சுவர்ப் பொந்தில் குடியேறிவிட்டது. இப்போது சாட்சிப் பொருளைத் தொட அங்கே ஒருவனுக்கும் தைரியமில்லை. வழக்கும் எழுதவில்லை. 'மெதுஸ்' சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அதே ஊர் வழக்கப்படி நிகீதினும் இனி நமக்குச் சொந்தம். தேன் எடுக்கும் நாளுக்கு இரண்டு பேரையும் அழைக்கிறேன். உனக்கு நாற்காலி போட்டு வைப்பேன். நீ வராவிட்டாலும் அதை எடுக்க மாட்டேன்.

நேற்று நிகீதினைப் பார்த்து "தம்பி" என்று கூப்பிட்டேன். பதில் சொல்லவில்லை. உதடு வீங்கியிருந்தது.

உன் உர்ஷுலே அக்கா