இரண்டாம் தடவை கேட்பார்கள் என்று

உடுமலைப்பேட்டை,
18-1-1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை பாவாத்தாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலை. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது. கோபமாக எழுத உட்கார்ந்தாலும் முதலில் நலம் சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லியாயிற்று. இனிமேல் கோபம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது மானேஜரைப் பார்த்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். வடக்கேயிருந்து வந்த மனிதர், உங்கள் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, மில் ஆபீசில் குமாஸ்தா வேலை காலியிருக்கிறது, நாளைக்கே வந்து சேருகிறாயா என்று கேட்டிருக்கிறார். நீங்கள் "இருக்கட்டுங்க, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றீர்களாம். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். இன்னொரு தடவை கேட்பார் என்று நீங்கள் மத்தியானம் வரைக்கும் வராந்தாவில் நின்றீர்களாம்.

அண்ணா, அது மாமன் வீட்டுப் பந்தி இல்லை. பந்தியில்தான் நாம் இலைமேல் கையை வைத்துப் "போதுங்க" என்போம், அத்தை கையைத் தள்ளிவிட்டு இன்னும் இரண்டு வைப்பார்கள். வடக்கத்தி மானேஜருக்கு அது எப்படித் தெரியும்? அவர் நம் அத்தையா?

அப்பா சொன்னதை மறந்துவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. "கந்தப்பன் கோயமுத்தூர்ல வேலையாயி ஒரு ஊடு எடுக்கட்டும். அம்மணி அவங்கூட இருந்துட்டு காலேசுக்குப் போகட்டும். இல்லீன்னா இதோட நிறுத்திப்போடலாம்." மார்ச்சில் எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. ஜூனில் காலேஜ் திறக்கிறார்கள். அதற்குள் உங்களுக்கு வேலையும் ஆக வேண்டும், வீடும் ஆக வேண்டும். நான் இங்கே ஆல்ஜிப்ரா போட்டுக்கொண்டிருக்க, நீங்கள் அங்கே "இருக்கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

லைப்ரரியில் ஒரு பத்திரிகையில் படித்தேன். மனம் தளராமல் வேலை தேட, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "எனக்கு வேலை கிடைக்கும்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். வெட்கப்படாமல் செய்யுங்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
பாவாத்தாள்


கோயமுத்தூர்,
2-2-1959

அன்புள்ள அம்மணிக்கு,

அண்ணன் எழுதுவது. கன்று போட்ட சேதி பார்த்து சந்தோஷம். காளையா கிடாரியா என்று எழுதவில்லையே.

எங்கள் ரூமில் கண்ணாடி இல்லை. ஒருவரிடம் உள்ளங்கையளவு ஒன்று இருக்கிறது, சவரம் செய்கிற நேரம் மட்டும் வெளியே எடுப்பார். சத்தமாகச் சொல்லவும் வழியில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பக்கத்தில் படுத்திருப்பவர் செருப்பை எடுப்பார்.

ஆனால் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. தினமும் சங்கு ஊதும் முன்னால் மில் கேட்டில் போய் நிற்கிறேன். உள்ளே இருக்கிற நிரந்தர ஆள் யாராவது அன்றைக்கு வராவிட்டால், மேஸ்திரி வெளியே வந்து எங்களில் ஒருவரைப் பதிலி ஆளாகக் கூப்பிடுவார். நாலு நாள் சேர்ந்தாற்போல் முகம் தெரியாவிட்டால் மறந்துவிடுவார். அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, நின்றாக வேண்டும். நேற்று அவர் என்னைப் பார்த்து, "ஏனப்பா, உள்ள வாரயா?" என்றார். என்னையா பக்கத்து ஆளையா என்று நான் திரும்பிப் பார்ப்பதற்குள், பக்கத்து ஆள் "வாரேனுங்க" என்று கேட்டுக்குள்ளேயே போய்விட்டார்.

இன்னொன்று சொல்கிறேன். யாருக்காவது இன்றைக்குக் காய்ச்சல் வந்திருக்காதா என்று காலங்காத்தாலே வேண்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதுதான் மனசுக்கு என்னவோ போல் இருக்கிறது.

நன்றாகப் படி. ராத்திரி வெளிச்சம் குறைவாக வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
கந்தப்பன்


உடுமலைப்பேட்டை,
9-2-1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிடாரி. இனி நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

மேஸ்திரி கூப்பிட்டால் எதற்காகத் திரும்பிப் பார்த்தீர்கள்? பின்னால் வேறு கந்தப்பன் நிற்கிறானா? கூட்டத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். கோவில் தேர் பார்க்கப் போனாலும் எல்லோருக்கும் வழி விட்டுவிட்டுக் கடைசியில் நிற்பவர்தானே. முன்னால் போய் நில்லுங்கள். அடுத்தவர் காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் மிதித்த பிறகு.

காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டுவது பாவமாக இருந்தால், கல்யாணம் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அதற்கும் லீவு போடத்தானே செய்வார்கள்.

இங்கே அப்பாவுக்குத்தான் சங்கடம். சந்தையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "பையன் மில்லுலீங்களா?" என்று கேட்கிறார்கள். அப்பாவும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார். கேட்டுக்கு வெளியே நின்றாலும் மில்தானே என்று நினைத்திருப்பார். அம்மா வீட்டு வாடகை அங்கே எப்படி என்று கேட்கச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய் உள்ள வீடாகப் பார்க்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை. வேலையே இல்லாதவரிடம் குழாயைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நான் காலையில் நாலரைக்கு எழுந்து படிக்கிறேன். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு படிக்கிறேன். நீங்கள் நிற்கிறீர்கள், நானும் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆகவே ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள்.

தங்கள் அன்புத் தங்கை,
பாவாத்தாள்


கோயமுத்தூர்,
8-3-1959

அன்புள்ள அம்மணிக்கு,

பரீட்சை நேரத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் வைத்திருந்தால் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

மாசி பிறந்ததிலிருந்து நான் கேட்டுக்கு ஒழுங்காகப் போவதில்லை. முதலில் பாதி நாள் போனேன். இப்போது அதுவும் இல்லை. கேட்டிலிருந்து திரும்புகிற வழியில் ஒரு பட்டறை இருக்கிறது. கிணற்று மோட்டார் கருகிப்போனால் அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார்கள். பட்டறைக்காரர் பெயர் சென்னிமலைக் கவுண்டர். ஒரு நாள் குடிக்கத் தண்ணீர் கேட்கப் போனேன். "கை சும்மாத்தான இருக்குது, இந்தக் கம்பியைப் புடி" என்றார். பிடித்தேன். சாயங்காலம்தான் விட்டேன்.

சம்பளம் என்று இல்லை. மத்தியானச் சாப்பாடு, ரூம் வாடகைக்கு ஏதோ கொஞ்சம். ஆனால் அம்மணி, மரம் மாதிரிக் கிடந்த மோட்டாரைச் சுற்றி முடித்துச் சுவிட்சைப் போடும்போது முதலில் ஒரு முனகல் வருகிறது, அப்புறம் சீராக ஓடுகிறது. அந்தச் சத்தம் ரூமுக்கு வந்த பிறகும் காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் எழுப்பாமல் எழுந்துவிடுகிறேன். உன் பத்திரிகையில் சொன்னது இதைத்தானோ என்னவோ.

நீ திட்டுவாய் என்று தெரியும். பரீட்சை முடிந்த பிறகு திட்டு.

அன்புடன்,
கந்தப்பன்


உடுமலைப்பேட்டை,
12-3-1959

அண்ணாவுக்கு,

பரீட்சை முடியும் வரை பொறுக்க முடியாது.

சோற்றுக்குக் கம்பி பிடிக்கவா எஸ்.எஸ்.எல்.சி. படித்தீர்கள்? மோட்டார் முனகுகிறதாம். இங்கே நான் முனகுவது யார் காதில் விழுகிறது? அந்த வேலையை வைத்துக்கொண்டு எந்த வீடு எடுப்பீர்கள்? கவுண்டர் பட்டறையில் ஒரு மூலையைத் தடுத்து எனக்குக் கொடுப்பாரா?

மேஸ்திரி உங்களை மறந்திருப்பார். போய்ப் புதிதாக நில்லுங்கள். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. "அண்ணன் எழுதியிருக்குதா?" என்று கேட்டார். சௌக்கியமாம் என்றேன். இப்படி என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள். நாளை மறுநாள் சரித்திரப் பரீட்சை. ஒரு வருஷமும் ஞாபகம் வரவில்லையென்றால் அதற்கும் நீங்கள்தான் காரணம்.

பாவாத்தாள்


உடுமலைப்பேட்டை,
19-6-1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாஸாகிவிட்டேன். பள்ளியில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தினால்தான். இப்போது எழுதுவதும் கோபத்தினால்தான், ஆனால் யார்மேல் என்று சரியாகத் தெரியவில்லை.

குழந்தையம்மாள் டீச்சர் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கே வரச் சொல்லிப் பேசினார்கள். கோயமுத்தூர்ப் பெண்கள் காலேஜில் ஹாஸ்டல் இருக்கிறது, சுவர் உயரம், வார்டன் அம்மாள் கண்டிப்பானவர், இந்தப் பெண்ணை நிறுத்திவிடாதீர்கள் என்றார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சொல்றனுங்க" என்று எழுந்தார். 29-ந் தேதி திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ச் சேர வேண்டுமாம்.

திரும்பி வரும்போது வண்டியில் நானும் அப்பாவும் மட்டும்தான். பாதி வழியில், மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் கண்ணு, ஆஸ்டல்ல இருந்து படிக்கறயா?"

நான் சொன்னேன், "இருக்கட்டுங்கப்பா. அண்ணன் ஊடு எடுத்தாப் பாத்துக்கலாமுங்க."

சிரிக்காதீர்கள்.

அப்பா "ம்" என்றார். எடுத்தவுடனே ஆசையைக் காட்டினால் நன்றாயிருக்காது, இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். ரயில்வே கேட் தாண்டியது, வாய்க்கால் பாலம் தாண்டியது, வீடும் வந்துவிட்டது. அவர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். மறுநாள் அம்மாவிடம், "அம்மணிக்கு ஆஸ்டல் புடிக்கலையாட்ட இருக்குது. வற்புறுத்த வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரைக்கும் கேட்டது. நான் தோசையைக் கருக்கிவிட்டேன்.

நீங்கள் உடனே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். "அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு வரி போதும். இல்லையென்றால் இப்போதாவது ஒரு வீட்டைப் பாருங்கள். எல்லாம் உங்களால் வந்தது. நீங்கள் ஜனவரியிலேயே சரியென்று சொல்லியிருந்தால் இந்த ஹாஸ்டல் பேச்சே வந்திருக்காது.

பாவாத்தாள்


கோயமுத்தூர்,
22-6-1959

அம்மணிக்கு,

இரண்டாவதாக வந்தது ரொம்ப சந்தோஷம். பட்டறையில் எல்லோருக்கும் சொன்னேன்.

கவுண்டர் போன வாரம், "இனிச் சம்பளத்துக்கே வந்தர்றயா?" என்றார். அவர் கேட்டு முடிக்கும் முன்னால் "வாரேனுங்க" என்றேன். அந்தச் சம்பளத்தில் வீடு எடுக்க முடியாது. இந்த வருஷமும் முடியாது, அடுத்த வருஷமும் முடியாது. மில் கேட்டுக்கு இனிப் போக மாட்டேன். இதை உனக்குச் சொல்லப் பயந்துகொண்டே இருந்தேன், அதனால்தான் வீடு வரும் வரும் என்று நீயும் இருந்துவிட்டாய். வராது.

அப்பாவுக்கு நான் எழுத மாட்டேன். எழுதினால் மகன் சொல்கிறான் என்று சேர்ப்பார். ரெண்டு மாசத்தில் அம்மா அழுதால் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தும் விடுவார். நீ கேட்டுப் போனால் அப்படிச் செய்ய மாட்டார்.

ஆறு மாதமாக எனக்கு எத்தனை யோசனை எழுதினாய். முன்னால் போய் நில் என்றாய், காலை மிதி என்றாய். அவ்வளவையும் எனக்குச் செலவழித்துவிட்டு, அப்பா கேட்டபோது உனக்கென்று ஒரு வார்த்தை இல்லையா? எனக்கும் கோபம் வரும், அம்மணி. திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுந்து போ. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காராதே.

கந்தப்பன்


உடுமலைப்பேட்டை,
25-6-1959

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் எழுதிவிட்டேன். நீங்கள் இப்படியெல்லாம் எழுதக்கூடியவர் என்று நான் நினைத்ததில்லை. அப்புறம் அதை அடுப்பில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

நம் கிணற்று மோட்டார் சித்திரையிலேயே கருகிவிட்டது. உங்களோடு பேசாமல் இருந்ததால் எழுதவில்லை. அதிலிருந்து அப்பா மறுபடியும் மாடு கட்டித்தான் தண்ணீர் இறைக்கிறார். நான் போனபோது ஆள் மாட்டை ஓட்ட, அப்பா மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "அப்பா, நான் ஆஸ்டல்ல இருந்து படிக்கோணுங்க" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. மாட்டை ஓட்டிய ஆள் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு இருக்கட்டும்னயே?"

"அது சும்மா சொன்னதுங்க."

"நாங் கேட்டது சும்மா இல்லியே, கண்ணு."

அவர் மண்வெட்டியால் அந்தப் பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார். அதுவும் நிரம்பியது. அம்மாவை விட்டு இருந்துகொள்வாயா என்றார். அழுதாலும் இருந்துகொள்வேன் என்றேன். "பாதியில வாரேன்னு எழுதப்படாது" என்றார். எழுத மாட்டேன் என்றேன். "அப்ப உங்கம்மாளைக் கட்டுச்சோறு கட்டச் சொல்லு. திங்கட்கிழமை மொத பஸ்சுக்குப் போயரலாம்" என்றார். அவ்வளவுதான். இதற்குத்தான் நான் ஜனவரியிலிருந்து உங்களைப் படுத்தினேன்.

பேச ஆரம்பித்துவிட்டதால் பட்டறையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அண்ணன் மில்லில் இல்லை, பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறது, சம்பளம் போட்டிருக்கிறார்கள் என்று. என் விஷயத்துக்கு யோசித்ததைவிட அதற்கு அதிக நேரம் யோசித்தார். பாத்தியில் தண்ணீர் வரப்பேறி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம், "நம்மளதைச் சுத்துவானா?" என்றார். அண்ணன் சுத்தும் என்றேன். நீங்கள் எழுதியிருந்த அந்த முனகலைப் பற்றியும் சொன்னேன், நானே கேட்ட மாதிரி. இன்று காலையிலிருந்து ஆளை விட்டு மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு சேதியும் பிடிக்கவில்லை, ஆனால் முறுக்குச் சுட ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை உக்கடத்தில் இறங்குவோம். கவுண்டரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வந்து நில்லுங்கள். என் பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன். மோட்டாருக்குத்தான் ஆள் வேண்டும்.

தங்கள் அன்புத் தங்கை,
பாவாத்தாள்