இரவல் ரேடியேட்டர்

மச்சான்,

சட்டையைச் சோப்புப் போட்டு அலசி அலசிப் பார்த்துவிட்டேன், அந்த வாசனை போகவில்லை. கொதித்த துருத் தண்ணீரின் வாசனை. உன் மேல் எப்போதும் இருக்குமே, அதே வாசனை. நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு "போய்க் குளிச்சிட்டு வாடா" என்று உன்னை விரட்டியவன் நான். இன்றைக்குக் கொடியிலிருந்து அந்தச் சட்டையை உருவி முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் சாக்கில் சுற்றி ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. நாளைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் நீ போனாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை என்று என் தங்கை போனில் கத்தினாள். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குக் கூட்டாளி, பிறகு அவளுக்குப் புருஷன், எனக்கு மச்சான். நீ விட்டுப்போனது அவளையும் அந்த வண்டியையும். உருண்டை மூக்கும் வட்டக் கண்ணுமாக, நாம் பிறப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்த பிக்கப். வருஷம் முழுக்கச் செங்கல்லும் பந்தல் சாமானும் ஏற்றுவாய். மாசி மகத்தன்று மட்டும் அதைக் கழுவி, வாழைமரம் கட்டி, நம் தெரு அம்மனை ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடலுக்குப் போவாய். ஸ்டியரிங்கை யாரும் தொடக்கூடாது. என்னைக்கூட விட்டதில்லை.

இந்த வருஷம் தெருவில் பேச்சு மாறியது. கோயில் வேலைகளைப் பார்க்கும் பையன்களில் ஒருவன் வந்தான். "மாமா, எங்கிட்ட புது லோடு வண்டி ஒண்ணு கீது. ஏசி வேற. அந்தப் பழசக் கட்டிக்கினு இன்னாத்துக்குக் கஷ்டப்படுறீங்க?" அம்மனுக்கு ஏசி எதற்கு என்று சண்டை போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "சரி, ஓட்டிக் காட்டுங்க. இந்த வருஷம் வரலன்னா இனிமே புது வண்டிதான்." என் தங்கை அதற்கும் மேலே போய்விட்டாள். "ஓடலன்னா காயலான் கடைக்குப் போட்டுடுண்ணே. வாசல்ல செத்த மாடு மாதிரி நிக்குது, என்னால பாக்க முடியல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அம்மன் பல்லக்குக்கு மரச்சட்டம் வாங்கும் சாக்கில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புறப்பட்டேன். ஆலப்பாக்கம் வரை ராஜா மாதிரி போனது. புதுச்சத்திரம் தாண்டியதும் பானட்டுக்குள்ளிருந்து ஒரு சீறல். இறங்கித் திறந்தேன். கொதித்த தண்ணீர் சட்டை முழுக்க அடித்தது. ரோட்டோரம் நின்று உன் பெயரைச் சொல்லித் திட்டினேன். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு டிராக்டர்க்காரர்தான் பாவம் பார்த்து, கயிறு போட்டுச் சிதம்பரம் வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டார்.

ரேடியேட்டர் கடைக்காரர் அதைக் கழற்றித் தரையில் வைத்துத் தட்டினார். அடியிலிருந்து வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. "இன்னா சார் இது, உள்ள பூரா உப்பு? கடல் தண்ணியா ஊத்துனீங்க?" என்று கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். உனக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை மச்சான்.

ஆமாம், கடல் தண்ணீர்தான். தீர்த்தவாரி முடிந்ததும் பித்தளைச் சொம்பில் மொண்டுகொண்டு வருவாய். பானட்டைத் தூக்கி, ஈரத்துண்டைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகுவாய். "இம்மாந்தூரம் அம்மனச் சொமந்துக்கினு வந்துருக்குது. எல்லாருக்கும் தீர்த்தம் உண்டு, இதுக்கு மட்டும் கெடையாதா?" என்று சொல்லிக்கொண்டே சொம்பைக் கவிழ்ப்பாய். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வருஷா வருஷம் ஒரு சொம்பு. பக்தியாலேயே உன் வண்டியின் குடலை அரித்துவிட்டாயே, மடையா!

கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "ஈயம் பத்த வெக்க இடமே இல்ல சார், தொட்டா உதிருது. இந்த அளவுல வேற வராது." பண்ருட்டியில் லாரி உடைக்கும் இடத்துக்குப் போனேன். ரேடியேட்டர்களைச் சுவர் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் லாரிக்குரியவை. "இத வெக்கணும்னா ஒங்க வண்டி மூக்க அறுக்கணும்" என்றான் அங்கிருந்தவன். பழைய வண்டிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். ஆளாளுக்கு நெருப்புப் படமும் இதயப் படமும் போட்டு 'சூப்பர் வண்டி' என்றார்கள். ரேடியேட்டர் ஒருவரிடமும் இல்லை. மகம் நெருங்கிக்கொண்டே வந்தது. சோறு இறங்கவில்லை. இந்த வண்டியும் போய்விட்டால் நீ இருந்ததற்கு நம் தெருவில் என்ன மிச்சம்? எங்கே போய்த் தேடுவேன் நான்? இதையெல்லாம் கேட்பதற்கு எனக்கு இருந்த ஒரே ஆள் நீதான்.

பண்ருட்டிக்கு மறுபடியும் போனபோதுதான் அங்கே பலா ஏற்ற வந்த டிரைவர் ஒருவர் என் போனிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஒண்ணு மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு டீச்சர் ஊட்ல நிக்குது" என்றார்.

அப்படியே பஸ் ஏறிப் போனேன். மாமரத்தடியில், தார்ப்பாய்க்குக் கீழே உன் வண்டியின் உடன்பிறப்பு நின்றது. டயர் இல்லை, செங்கல் மேல் நின்றது. டீச்சர் ரிட்டயரானவர். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டார். "அப்பா வண்டி சார் இது. அவுரு போனப்புறம் யாரயும் கைவெக்க வுட்டதில்ல. விக்கிறதுக்கு இல்ல."

நான் என்னென்னமோ பேசினேன். அம்மன் என்றேன், மகம் என்றேன், தெரு மானம் என்றேன். அவர் அசையவில்லை. அப்படியே மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அது யாரு வண்டி சார்?" என்று கேட்டார்.

"என் மச்சானுது."

"அவுரு வரலியா?"

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்த் தார்ப்பாயை விலக்கினார். "கழட்டிக்கினு போங்க. இரவல்தான். மகம் முடிஞ்சதும் கொண்டாந்து அதே எடத்துல மாட்டிடணும். அப்பா மழத்தண்ணி தவிர வேற ஊத்த மாட்டாரு. நீங்களும் நல்ல தண்ணியா ஊத்துங்க."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சிதம்பரத்துக்காரர் அதில் இரண்டு பொத்தலை அடைத்து, உன் வண்டியில் பூட்டிக் கொடுத்தார். அளவு எடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

மகத்தன்று நான் ஓட்டினேன். ஆமாம், உன் ஸ்டியரிங்கைத் தொட்டேன், என்ன செய்வாய்? அம்மன் பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. ஊர்ந்து போகும்போதுதான் சூடு ஏறும் என்று நீ சொல்வாய். சூடு காட்டும் முள்தான் எப்போதோ செத்துவிட்டதே. அடிக்கொரு தரம் இறங்கி, நீ செய்வதைப் போல பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். புது வண்டி வைத்திருக்கும் பையன் பின்னாலேயே நடந்து வந்தான், எப்போது நிற்கும் என்று. நிற்கவில்லை மச்சான். மணலில் சக்கரம் புதைகிற இடம் வரை போய்த்தான் நின்றது.

அம்மன் கடலில் முழுகி எழுந்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. திரும்பிப் பார்த்தால் என் தங்கை ஈரச் சேலையோடு, உன் பித்தளைச் சொம்பை நிறைத்து எடுத்துக்கொண்டு நேராக வண்டியின் முன்னால் வந்து நிற்கிறாள்.

"பானட்டத் தூக்குண்ணே."

"ஊத்தாத."

"ஏன்? அவுரு ஊத்துவாரே."

"தாயி, இது இன்னொருத்தங்க அப்பாவோடது."

அவளுக்குப் புரிந்தது. ஆனால் சொம்பு கையில் இருக்கிறது. தீர்த்தத்தை மணலில் கொட்ட முடியாது, கடலுக்கே திருப்பி ஊற்றவும் அவளுக்கு மனம் வரவில்லை. நான் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தேன். "ஐயோ, வாணாண்ணே" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டேன். உப்பில் என் முகம் அஷ்டகோணலாகியது. அவள் சிரித்தாள், சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தாள். நீ போனதற்கு அப்புறம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாளைக் காலையில் மேல்பட்டாம்பாக்கம் போகிறேன். உன் வண்டி மறுபடியும் மூக்குக்குள் ஒன்றுமில்லாமல் என் தங்கை வாசலில் நிற்கிறது. அடுத்த வருஷம் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. "வருமா மாமா?" என்று அந்தப் பையன் கேட்டான். வரும் என்று சொல்லிவிட்டேன். காயலான் கடைப் பேச்சை என் தங்கையும் விட்டுவிட்டாள். காலையில் அதற்குத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு தண்ணீர் குடித்தும் தொண்டையில் உப்பு போகவில்லை மச்சான். ஒரே ஒரு சொம்புக்கு எனக்கு நெஞ்சு இப்படி எரிகிறது. இத்தனை வருஷமும் இதைக் குடித்துவிட்டுத்தான் உன் வண்டி ஓடியிருக்கிறது. ஊற்றியவன் நீ என்பதால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறது.